இன்னும் அரைச் சுற்று

"அந்தச் செவப்பு காரா? ஒரு பக்கம் ஒடிச்சா ஒடிச்சபடியே நிக்கும். ஓட்டறவரு மாதிரியேதான்."

சிங்காநல்லூர் டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னது இது. பெஞ்சின் மறுகோடியில் வடையைப் பிட்டுக்கொண்டிருந்த பல் டாக்டர் சென்னியப்பனின் காதிலும் விழுந்துவிட்டது.

சிவப்புக் கார் அவருடையது. ஓட்டுகிறவரும் அவரே.

டாக்டர் வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

கடைக்கு எதிரே பியூலாவின் வீல் அலைன்மென்ட் ஷெட். பியூலாவுக்கு இருபத்தொன்பது வயது, டாக்டருக்கு நாற்பத்தாறு. ஊரில் ரேஸ் கார் வைத்திருக்கிற எல்லோரும் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். டாக்டர் மட்டும் வந்ததில்லை. பல்லுக்குக் கட்டிய கம்பியை முறுக்கிக்கொள்ள மாதாமாதம் அவரிடம் வருகிறவள் அவள். நோயாளியிடம் போய் வைத்தியம் கேட்பதா?

இன்று வேறு வழியில்லை.

"அம்மணி, ஒடிச்சுட்டுக் கையை விட்டா ஸ்டியரிங் தானா நேராக மாட்டேங்குது. என்ன காரணமா இருக்கும்?"

பியூலா பதில் சொல்லவில்லை. தாடையில் கையை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

ஆழமாக யோசிக்கிறாள் என்று டாக்டர் காத்திருந்தார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஸ்பிரிங் சரியில்லைன்னு ஒருத்தன் சொன்னான். வெளிநாட்டுல இருந்து வரவழைச்சு மாத்தினேன். டயர் அகலம் ஜாஸ்தின்னு இன்னொருத்தன் சொன்னான். அதையும் மாத்தினேன். சக்கரத்தோட சாய்வு பத்தலைன்னாங்க, ஸ்டியரிங் பம்பு பழசுன்னாங்க. எல்லாம் மாத்தியாச்சு. இனி மாத்தறதுக்குப் பெயிண்டுதான் பாக்கி."

பியூலா கண்ணை மூடித் திறந்தாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குக் கார் ரேலி. ரஞ்சிதம் ஏற மாட்டேங்கறா."

ரஞ்சிதம் அவர் மனைவி. பதினோரு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வரப்போகிற வளைவுகளை அவருக்குப் படித்துச் சொல்கிறவள். போன வாரம் நோட்டை மூடி மடியில் வைத்துவிட்டாள். கையை விட்டால் தானாக நேராகிற காரில்தான் உட்காருவாளாம். இல்லாவிட்டால் நாளைக்கு, அவரோடு போட்டி போடுகிற பம்புசெட் வியாபாரி பழனியப்பனின் காரில் ஏறிக்கொள்வாளாம்.

"இன்னிக்கு நாலு மணிக்கு வந்து பார்க்கறேன்னுட்டா. பழனியப்பன் கார்லயே வர்றாளாம்."

பியூலா ஒரு விரலை உயர்த்தினாள்.

"ஒரே காரணம்தானா?"

அவள் விரலை இடப்பக்கம் ஆட்டினாள். டாக்டர் ஜாக்கியை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். நகர்ந்துகொண்டார்.

காரை மெஷினில் ஏற்றினாள். திரையில் எண்கள் வந்தன. எல்லாமே பச்சை.

"அளவெல்லாம் சரியா இருக்கா?"

தலையசைத்தாள்.

"அப்போ கோளாறே இல்லையா?"

அதற்கும் தலையசைத்தாள். வேறு விதமாக.

முன்சக்கரங்களை அந்தரத்தில் தூக்கி நிறுத்தினாள். ஸ்டியரிங்கையும் சக்கரங்களையும் இணைக்கிற இரண்டு தண்டுகளைக் கழற்றினாள். ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் தட்டினாள். அது வெண்ணெயாகச் சுழன்றது.

பிறகு இடதுசக்கரத்தைக் கையால் தள்ளினாள். அது முனகிக்கொண்டே திரும்பி, விட்ட இடத்தில் நின்றது.

வலதுசக்கரமும் முனகியது, விட்ட இடத்தில் நின்றது.

டாக்டருக்கு டீக்கடையில் கேட்ட குரல் மறுபடி கேட்டது.

பியூலா பானெட்டைத் திறந்தாள். சக்கரம் திரும்பும்போது அதன்மேல் நிற்கிற ஸ்பிரிங்கும் சேர்ந்து திரும்ப வேண்டும். அதற்காக ஸ்பிரிங்கின் தலையில் ஒரு பேரிங் உண்டு. பேரிங்கின் மேல் ஒரு நட்டு. அந்த நட்டின் முனைகள் தேய்ந்து பளபளத்தன.

அவள் அதன்மேல் விரலை வைத்து, புருவத்தை உயர்த்தினாள்.

"அதுவா? அது நான்தான்" என்றார் டாக்டர், கொஞ்சம் பெருமையோடு. "ஞாயித்துக்கிழமை ஆனா நானே ஸ்பேனர் எடுத்துருவேன். வாராவாரம் அரைச் சுற்று."

புருவம் இறங்கவில்லை.

"லூசாயிடக் கூடாதில்ல?"

புருவம் இன்னும் மேலே போயிற்று.

"முதல்ல அரைச் சுற்று வந்துச்சு. இப்பல்லாம் நூலளவுதான் நகருது. அதுக்கும் ஸ்பேனர்ல குழாயைச் சொருகித்தான்..."

குழாய் என்று சொன்ன பிறகு அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

பியூலா நட்டைக் கழற்றினாள். அதற்கு அவளுக்கும் ஒரு குழாய் தேவைப்பட்டது. உள்ளேயிருந்த பேரிங்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். டாக்டர் சுற்றிப் பார்த்தார். கரகரவென்று கொஞ்சம் நகர்ந்து நின்றது.

அலமாரியிலிருந்து புதியதை எடுத்து அவரது மறு கையில் வைத்தாள். அது ஊதியதுமே சுற்றியது.

இரண்டு பக்கமும் புதிய பேரிங் போட்டாள். அளவு வைத்து முறுக்குகிற ஸ்பேனரால் நட்டைத் திருகினாள். டிக் என்றது. நிறுத்திவிட்டாள்.

"அம்மணி, இன்னும் ஒரு அரைச்..."

கிரீஸ் துணி அவர் மணிக்கட்டில் சுளீரென்று விழுந்தது.

டாக்டர் கையை இழுத்துக்கொண்டார்.

"வந்ததிலிருந்து பார்க்கறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறே. என்னைப் பார்த்தா அவ்வளவு முட்டாளாவா தெரியுது?"

பியூலா பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். வெளிச்சம் படும்படி முகத்தை நிமிர்த்தினாள். வாயைத் திறந்தாள்.

டாக்டர் பழக்கதோஷத்தில் குனிந்தார்.

கம்பி வீணைத் தந்திபோல இழுபட்டிருந்தது. ஈறு முழுக்கச் சிவப்பு. செவ்வாய்க்கிழமை அவர் கையால் முறுக்கியது.

"மூணு வருசம்" என்றாள் பியூலா, பல்லைப் பிரிக்காமல். "ஒரு பல்லும் நகரல."

டாக்டர் காரின் பானெட்டைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு காரிலிருந்து தன் பையை எடுத்து வந்தார். ஷெட் குழாயில் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினார். கம்பியைத் தளர்த்தினார். சிறிய இடுக்கியைப் பைக்குள் போட்டார். மறுபடி கையில் எடுத்தார். அவள் பார்த்தாள். உள்ளே போட்டுவிட்டார்.

பியூலா தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள்.

"ஏனுங் டாக்டரே, செவ்வாக்கிழமையிலிருந்து வெறுங் கஞ்சிதானுங், அதையும் உறிஞ்சித்தான் குடிச்சேன், எங்கம்மா என்னடான்னா வேணும்னே கோழி வறுத்து எம் முன்னாடியே உக்காந்து கடிக்குது, அந்தக் குழாயைச் சொருகற புத்தி உங்களுக்கு யாருங் சொல்லிக் குடுத்தது, கார்னா உங்களுக்கு எதிரியாங், இதுல காலையில ஒருத்தரு வந்து..."

நாலு மணி வரை அவள் பேச்சை நிறுத்தவில்லை. டாக்டர் நடுநடுவே "ஆமா அம்மணி" என்று மட்டும் சொன்னார்.

சரியாக நாலுக்கு ரஞ்சிதம் ஹெல்மெட்டும் நோட்டுமாக வந்தாள். வாசலில் பழனியப்பன் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார்.

ரஞ்சிதம் சிவப்புக் காரில் ஏறி உட்கார்ந்தாள். நோட்டைத் திறக்கவில்லை.

ஷெட்டுக்குப் பக்கத்தில் இருந்த காலி மைதானத்தில் கார் மெல்ல உருண்டது.

"வலது" என்றாள்.

டாக்டர் ஒடித்தார்.

"கையை விடுங்க."

விட்டார். ஸ்டியரிங் ஒரு கணம் தயங்கியது. பிறகு மெதுவாக, தன் பாட்டுக்குத் திரும்பி வர ஆரம்பித்தது.

பாதி வழியில் டாக்டரின் கைகள் அதை நோக்கி எழுந்தன.

"ஏனுங்க" என்றாள் ரஞ்சிதம்.

டாக்டர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

ஸ்டியரிங் நேராகி நின்றது.

ரஞ்சிதம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பழனியப்பனைப் போகச் சொன்னாள்.