கடைசி வரிசை முகம்

"அவனுக்கு மட்டும் என்னத்தை அக்கா சொல்லிக் குடுத்தீங்க?" என்றுதான் தணிகை ஆரம்பித்தான்.

வணக்கம்கூட இல்லை. செருப்பை வாசலில் உதறிவிட்டு நேரே எடிட்டிங் அறைக்குள் வந்திருந்தான்.

படத்தொகுப்பாளர் சௌந்தரவல்லி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எவனுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ராயப்பனுக்கு."

இருவரும் அவரிடம்தான் தொழில் கற்றார்கள். ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். இப்போது இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இருவரும் இயக்குநர்கள்.

தணிகையின் படங்களுக்குக் கூட்டம் கை தட்டும். தட்டிவிட்டு, எந்தக் கடை பிரியாணி நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டே வெளியே போகும்.

ராயப்பனின் படத்துக்கு யாரும் கை தட்டவில்லை. வெள்ளிக்கிழமை பிரிவியூ முடிந்து விளக்குப் போட்டபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒரு விநியோகஸ்தர் வாயில் போட்ட பாக்கை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அந்த விநியோகஸ்தர் நேத்து எனக்கு போன் பண்றார், அக்கா. படம் பார்த்ததுலேருந்து தூக்கமே இல்லையாம். அதை ஏன் எனக்கு போன் பண்ணிச் சொல்லணும்?"

"உனக்குத் தூக்கம் வருதா?"

"எங்கே வருது?"

"படம் அப்படியா பண்ணிடுச்சு?"

"படம் இல்லை. அதை அவன் எடுத்திருக்கான் பாருங்க, அது."

சௌந்தரவல்லி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

"அப்படி என்ன இருக்கு அதுல, அக்கா? பக்கத்து வீட்டுப் பொண்ணு கதவைத் தட்டறா, காப்பாத்துங்கன்னு கத்தறா. ஹீரோ உள்ளே உட்கார்ந்துக்கிட்டு டிவி சத்தத்தைக் கூட்டறான். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"கேமரா அவன் முகத்தை விட்டு நகரலை. பின்னணி இசை இல்லை. எல்லாத்தையும் கவனிச்சேன். நானும் ஒரு படத்துல இதையே பண்ணினேன். ஜனங்க செல்போனை எடுத்துட்டாங்க."

"சரி, உன்னை என்ன பண்ணிச்சு?"

"என்னையா? எப்படிப் பண்ணியிருக்கான்னு பார்க்கத்தானே போனேன்."

அவர் கடைசி வாய்ச் சாதத்தை வழித்தெடுத்தார்.

"அவனுக்கு ஏதோ சொல்லியிருக்கீங்க, எனக்குச் சொல்லலை. சாகறதுக்குள்ள சொல்லிடுங்க."

"நான் சாகறதுக்குள்ளயா, நீ சாகறதுக்குள்ளயா?"

எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

"ராயப்பன் வந்துட்டிருக்கான். அதுக்குள்ள எனக்கு ஒரு வேலை பண்ணு. வெள்ளிக்கிழமை முகங்களை ஓட்டு. கதவைத் தாழ் போட்டுடு."

பிரிவியூ பார்த்தவர்களிடம் படம் எப்படி என்று சௌந்தரவல்லி கேட்டதே இல்லை. திரைக்குக் கீழே, இருட்டிலும் முகம் தெரிகிற சின்னக் கேமரா ஒன்றை நாற்காலிகளைப் பார்த்து வைத்துவிடுவார். வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கும். பிறகு அந்த முகங்களைப் பார்த்து, தொய்ந்த இடத்தில் படத்தை வெட்டுவார். இயக்குநரையும் கூப்பிட்டுக் காட்டுவார். முகங்கள் ஓடும்போது கதவு தாழிட்டிருக்க வேண்டும். அடுத்தவர் முகம் எல்லார் கண்ணுக்கும் அல்ல.

தணிகை இந்த வேலையைப் பல வருடம் செய்தவன். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்ததும் அவனுக்குக் கோபம் கொஞ்சம் அடங்கிவிட்டது.

"முன் வரிசை அம்மா தலைப் பூவைப் பிச்சுக்கிட்டே இருக்காங்க. இங்க கை வைக்க வேணாம்."

"ம்."

"தயாரிப்பாளர் கொட்டாவி விடறார். இங்க கொஞ்சம் வெட்டலாம்."

"அவர் தன் கல்யாணத்துலயே கொட்டாவி விட்டவர். மேலே போ."

கதவு தட்டும் காட்சி வந்தது. முகங்கள் இறுகின. திடீரென்று, அவற்றின் மேல் ஆடிக்கொண்டிருந்த திரை வெளிச்சம் நின்றுபோனது.

"இங்கதான் அன்னிக்குப் படம் கொஞ்ச நேரம் நின்னுபோச்சு" என்றார் சௌந்தரவல்லி.

முகங்கள் தவித்தன. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியாமல் ஒருத்தி புரொஜக்டர் அறையைத் திரும்பிப் பார்த்தாள். விநியோகஸ்தர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"கடைசி வரிசை. கதவோரம். பெரிசு பண்ணு."

பெரிதாக்கினான்.

ஓர் ஆள் சிரித்துக்கொண்டிருந்தான்.

பல் தெரியாத சிரிப்பு. ரொம்ப நாள் பசிக்குப் பிறகு இலையில் சோறு விழுந்ததுபோல, அப்படி ஒரு நிம்மதி.

"யாரு அக்கா இவன், இந்த நேரத்துல போய்..."

சட்டை தெரிந்த சட்டை.

திரையில் ராயப்பன் முன் வரிசையிலிருந்து ஓடி வந்தான். இருட்டில் தடுக்கி, கடைசி வரிசை ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

உடனே அந்த முகம் மாறியது. புருவம் நெரிந்தது. அந்த ஆள் பதறி எழுந்து ராயப்பனின் கையைப் பற்றி ஏதோ சொன்னான். ராயப்பன் தலையாட்டிவிட்டுப் புரொஜக்டர் அறைக்கு ஓடினான்.

என்ன சொன்னோம் என்று தணிகைக்கு ஞாபகம் இருந்தது. 'ஒண்ணும் ஆகாதுடா. நான் இருக்கேன்ல.'

ராயப்பன் போன பிறகு அந்த ஆள் உட்கார்ந்தான். விட்ட இடத்திலிருந்து சிரித்தான்.

சௌந்தரவல்லி படத்தை அங்கேயே நிறுத்தினார்.

தணிகை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

வாசலில் இருமல் கேட்டது.

"அக்கா! தணிகை உள்ள இருக்கானா? செருப்பு ஒண்ணு வடக்கே போகுது, ஒண்ணு தெற்கே போகுது!" ராயப்பனின் குரல். செருப்புகளை நகர்த்திச் சேர்த்து வைக்கும் சத்தம்.

பிறகு கதவைத் தட்டினான்.

சௌந்தரவல்லி குனிந்து, கீபோர்டைத் தணிகையின் பக்கம் தள்ளினார்.

"ஒரு பொத்தான்தான். வேணும்னா இந்த முகத்தை வெட்டிடு. அவனுக்குத் தெரியப்போறதில்லை."

மறுபடியும் தட்டும் சத்தம்.

தணிகை தன் விரலைப் பார்த்தான். திரையில் சிரித்தபடி நின்றுபோயிருந்த முகத்தைப் பார்த்தான்.

"அக்கா? உள்ள இருக்கீங்களா?"

"இருக்கட்டும், அக்கா" என்று சொல்லிவிட்டு, தணிகை எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினான்.