சுவரில்லாத கதவு

"மேடம், அவர் கை நல்லாத்தான் இருக்கு. தூக்கத்தான் மாட்டேங்கிறார்."

மரகதவல்லி தன் ஆசிரியையிடம் சொன்னாள்.

மலைமேல் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. மேகத்துக்கு அங்கே அனுமதிச் சீட்டெல்லாம் கிடையாது. நினைத்தபோது ஜன்னல் வழியாக உள்ளே வரும், கட்டில்களுக்கு நடுவே கொஞ்சம் நடக்கும், போய்விடும்.

மரகதவல்லி அங்கே ஆக்குபேஷனல் தெரபியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். நோயில் விழுந்து எழுந்தவர்களைப் பழையபடி குளிக்க, சட்டை மாட்ட, அடுப்பு பற்றவைக்கப் பழக்குகிற படிப்பு. இளங்கலை முடித்த கையோடு கல்யாணம். மேற்படிப்பு ஆசை அப்போதே பரணில் ஏறிவிட்டது. மகள் காலேஜுக்குப் போன பிறகுதான் அதைத் தூசி தட்டி இறக்கினாள்.

"மகளுக்குப் போட்டியா?" என்று கேட்காத உறவுக்காரர் இல்லை. அவர்களுக்கு வேறு வேலையும் இல்லை.

ஆசிரியை ஜெஸிந்தா அவளைவிடச் சின்னவள். வகுப்பில் "மரகதவல்லி" என்பாள். வகுப்புக்கு வெளியே "அக்கா" என்பாள். அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே மாணவர்களுக்கு அவளிடம் பயம்.

"யாரைச் சொல்றீங்க அக்கா?"

"குழந்தைவேலு ஐயாவை."

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தவர். கால் தேறிவிட்டது, கைத்தடி வைத்து நடக்கிறார். கையும் தேறிவிட்டது. சோதித்துப் பார்த்தால் விரல் மடங்குகிறது, முழங்கை நீள்கிறது. ஆனால் அந்தக் கை மடியிலேயே கிடக்கும். இருந்த பேச்செல்லாம் போய் ஒரே ஒரு சொல்தான் மிச்சம்.

வேணாம்.

மரகதவல்லியின் கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு அவர்தான் நோயாளி. வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால், யாரும் கை கொடுக்காமல், அந்த வலது கையால் அவர் ஒரு டம்ளரை எடுத்துக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் அவளுக்குப் பட்டம் இல்லை. மறுபடியும் ஒரு வருஷம் வீட்டை விட்டுவிட்டு வந்து படிக்க அவளால் முடியாது. அதைவிட, அவர் இப்படியே ஊருக்குப் போனால் ஆயுசுக்கும் யாராவது ஊட்டிவிடத்தான் வேண்டும். அதை நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெஸிந்தா எழுந்தாள். "வாங்க."

இருவரும் பயிற்சி வீட்டுக்குப் போனார்கள்.

வீடு என்று சொல்கிறோமே தவிர, அது ஒரு பெரிய கூடம். ஒரு மூலையில் அடுப்பு மேடை, ஒரு மூலையில் கட்டில். ஏறி இறங்கிப் பழக ஒரு பஸ் படிக்கட்டு, பஸ் இல்லாமல். நடுக்கூடத்தில் நிலையோடு ஒரு கதவு. தாழ்ப்பாள், பூட்டு, கைப்பிடி எல்லாம் உண்டு. இந்தப் பக்கமும் சுவர் இல்லை, அந்தப் பக்கமும் சுவர் இல்லை. கூடை நிறையப் பிளாஸ்டிக் கத்திரிக்காய். ஏட்டுச் சுரைக்காய்க்கு அது தங்கை முறை.

ஜெஸிந்தா மேடையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து நீட்டினாள்.

"குடிங்க அக்கா. ஆறிடும்."

"காலி டம்ளர் மேடம்."

"பரவாயில்ல. குடிங்க."

மரகதவல்லி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

இந்தக் காலி டம்ளரைத்தான் அவள் அந்த மனுஷனிடம் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கேன்டீனிலிருந்து இஞ்சி தட்டிப் போட்ட டீ வாங்கி வந்தாள். ஆவி பறந்தது. குழந்தைவேலு தலை நிமிர்ந்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை அவள் பார்த்தாள். அவர் டீயைப் பார்த்தார். பிறகு நடுக்கூடத்துக் கதவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எடுத்துக் குடிங்க ஐயா."

"வேணாம்."

டீயில் ஆடை படிந்தது.

மரகதவல்லி மறுபடியும் ஆசிரியையிடம் போனாள்.

"நிஜ டீயே குடுத்துப் பார்த்துட்டேன் மேடம். சாண் ஏறினா முழம் சறுக்குது."

"டீ எதுக்கு?"

"அவங்க வீட்டம்மாதான் சொன்னாங்க. அவருக்கு டீன்னா உசுராம்."

"அப்படியேவா சொன்னாங்க?"

மரகதவல்லி யோசித்தாள். "யாராவது வாசல்ல வந்து நின்னா போதும், டீ டீன்னு பறப்பாரு, அப்படின்னாங்க."

ஜெஸிந்தா எழுந்தாள். பயிற்சி வீட்டுக்கு நடந்தாள். மரகதவல்லியை உள்பக்க நாற்காலியில் உட்காரச் சொன்னாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு நிலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

தட்டினாள்.

மரகதவல்லி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"ஏன் எழுந்து வந்தீங்க?"

"தட்டினீங்களே மேடம்."

"சுவரே இல்ல. நான் நிக்கிறது உங்களுக்குத் தெரியுது. சுத்தி வாங்கன்னு சொல்லியிருக்கலாமே."

மரகதவல்லி தாழ்ப்பாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்தக் கையால திறந்தீங்க?"

மரகதவல்லி தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"ஞாபகமில்ல மேடம்."

ஜெஸிந்தாவுக்கு அடுத்த வகுப்பு இருந்தது. போய்விட்டாள்.

படித்தவர்கள் செய்கிற காரியத்தைத்தான் மரகதவல்லியும் செய்தாள். டீயை விட்டுவிட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். "விரலை மடக்குங்க ஐயா, இழுங்க ஐயா, இன்னொரு தடவை ஐயா." குழந்தைவேலு அவளைப் பரிதாபமாகப் பார்ப்பார். வேணாம் என்பார். நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்.

தேர்வுக்கு முந்தின மத்தியானம் அவள் பயிற்சி வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மேகம் வந்தது. முதலில் பஸ் படிக்கட்டு மறைந்தது. அப்புறம் கட்டில். கூடத்தின் சுவர்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. கதவு மட்டும் வெள்ளையில் நின்றது. அதற்கு அப்பால் ஒரு தெரு இருப்பதுபோலவும், தெருவில் யாரோ செருப்புச் சத்தத்தோடு நடந்து வருவதுபோலவும் அவளுக்குத் தோன்றியது. யார் என்று தெரியவில்லை. தெரிந்தவர்தான்.

அவள் எழுந்து சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

டப்பா காலி. அங்கே எல்லா டப்பாவும் காலிதான். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். தான் ஏன் எழுந்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. வருகிறவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கத்தான் எழுந்தாள்.

மேகம் விலகியது. தெருவும் போய்விட்டது.

மறுநாள் காலை தேர்வாளர் வந்தார். வழுக்கைத் தலை, கம்பளி மப்ளர். குளிரைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் ஜெஸிந்தா உட்கார்ந்தாள்.

மேசைமேல் டீ. அதன் முன்னால் குழந்தைவேலு.

"ஆரம்பிக்கலாம்மா" என்றார் தேர்வாளர்.

"டீயை எடுத்துக் குடிங்க ஐயா" என்றாள் மரகதவல்லி.

குழந்தைவேலு டீயைப் பார்த்தார். கை மடியில் கிடந்தது.

"ஐயா."

"வேணாம்."

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். இன்னும் ஒரு தடவை கேட்கலாம். கெஞ்சலாம். முழங்கையைத் தொட்டுத் தூண்டலாம், ஆனால் தொட்டால் தேர்வு போச்சு. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது.

குழந்தைவேலு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரகதவல்லியும் திரும்பிக் கதவைப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்த மனுஷன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் பார்த்தாள்.

அவள் மேசையை விட்டு நகர்ந்தாள்.

"எங்கம்மா போறீங்க?" என்றார் தேர்வாளர். "இங்க தேர்வு நடக்குது."

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நிலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றாள். அங்கே மேகம் கனமாக இருந்தது. மேசை தெரியவில்லை, டீ தெரியவில்லை, பட்டம் தெரியவில்லை. பயமாக இருந்தது. ஆனாலும் தெருவில் நடந்து களைத்து வந்த ஒரு பெண்பிள்ளையாகத்தான் நின்றாள்.

தட்டினாள்.



நாற்காலி தரையில் இழுபட்டது.

கைத்தடி ஊன்றும் ஓசை. பின்னால் இன்னொரு நடையும் கேட்டது, மெத்தென்று. ஜெஸிந்தா எழுந்து வந்து அவர் பின்னால், கைகளை விரித்து, தொடாமல் நிற்கிறாள் என்று மரகதவல்லிக்குப் புரிந்தது.

அவர் இடது கையில்தான் எப்போதும் கைத்தடி இருக்கும்.

தாழ்ப்பாள் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

கதவு திறந்தது.

குழந்தைவேலு நின்றார். மடியில் கிடந்த அந்த வலது கை இப்போது கதவைப் பிடித்திருந்தது. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தன் வாசலில் வந்து நிற்பவரை ஒரு வீட்டுக்காரர் பார்க்கிற பார்வை.

உதடு கோணியது. திரும்பவும் கோணியது.

"வாங்க" என்றார்.

மரகதவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. வந்த இடத்தில் அழக்கூடாது என்று உள்ளே போனாள்.

அவர் தன் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். நோயாளி உட்காரும் நாற்காலி அது. அவர் மேசையில் இடுப்பைச் சாய்த்து நின்றார். வலது கை டம்ளரைச் சுற்றி ஒவ்வொரு விரலாக மடங்கியது. தூக்கியது. நடுங்கியது. கொஞ்சம் டீ தளும்பி மேசையில் கொட்டியது. அதை அவர் சட்டை செய்யவில்லை.

டம்ளர் அவள் கைக்கு வந்தது.

அவள் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. அப்படி ஒரு டீ அவள் குடித்ததில்லை.

தேர்வாளர் தொண்டையைக் கனைத்தார்.

"டம்ளரை எடுத்துக் குடிக்கணும், அதானே செய்முறை? அவர் குடிக்கவே இல்லையே."

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள் ஜெஸிந்தா மெல்லிய குரலில். "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க."

தேர்வாளர் அவளைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். குழந்தைவேலு அடுப்பு மேடையில் இன்னொரு டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தார்.

தேர்வாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். எழுந்தார். போகிற போக்கில் கதவைச் சாத்தினார். நிலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், மேகத்துக்குள் நின்று, மப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

தட்டினார்.