கிராபிக்ஸ் கார்டில் ஒரு பொட்டு

கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கும் பொன்னம்பலம், தலை நரைத்த பிறகுதான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்க வந்தார். சொல்லிக் கொடுக்கும் ரெஜினாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் "டீச்சர், டீச்சர்" என்று வாய் நிறையக் கூப்பிடுவார்.

ஒருநாள் தன்னுடைய கிராபிக்ஸ் கார்டைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் படமே வரவில்லை.

"வாரண்டி இருக்கா சார்?"

"இருக்கு டீச்சர்."

"அப்புறமென்ன? கம்பெனிக்கு அனுப்புங்க. வேற கார்டு குடுத்துடுவாங்க."

"நானே சரி பண்ணிப் பாக்கட்டுமா? இவ்வளவு நாள் கத்துக்கிட்டேனே."

"ஸ்குரூ மேல சீல் ஒட்டியிருக்கும். அதைக் கிழிச்சா வாரண்டி போச்சு. சரியாகலைன்னா கார்டும் போச்சு, கையில இருக்கிற கல்யாண வேலையும் போச்சு."

"கம்பெனியில இழுத்தடிப்பாங்க..." என்று மென்று விழுங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

டீச்சர் துண்டை விலக்கினார். ஃபேனுக்குப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"யார் வச்சது?"

"செண்பகம்."

போன மாசியில் தவறிப்போன மனைவி. அவர் படத்தை வெட்டித் தருவார், அவள் பாட்டு சேர்ப்பாள்.

"ஆயுத பூஜைன்னா கேமராவுக்கு மட்டும் வச்சா போதாது அவளுக்கு. சி.பி.யூ.வைத் திறக்கச் சொல்லி உள்ளேயும் வைப்பா. கரண்ட் பொருள்ல ஈரச் சந்தனமாடின்னு கத்துவேன். 'பாடுபடுறது இதுதானே'ன்னு சொல்லுவா."

சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தச் சண்டைக்குக்கூட இப்போது அவர் ஏங்கிப் போயிருந்தார்.

டீச்சர் காய்ந்த பொட்டை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"கறையோட அனுப்பினா தண்ணி பட்டுடுச்சுன்னு திருப்பிடுவாங்க. துடைச்சாகணும் சார்."

"அதான் டீச்சர்... அனுப்ப மனசு வரல."

"இதுக்கு முன்னாடி ஒரு கார்டு இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. அதை வித்துட்டுத்தான் இதை வாங்கினோம்."

"அதுல பொட்டு?"

"அதுலயும் வச்சிருந்தா. விக்கிற அன்னைக்கு அவளே துடைச்சா."

"வருத்தப்பட்டாங்களா?"

"அவளாவது! அடுத்த பூஜைக்குப் புதுசுல வச்சுட்டாளே..."

பொன்னம்பலம் கார்டிலிருந்த பொட்டைக் குனிந்து பார்த்தார்.

டீச்சர் கொஞ்சம் பஞ்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"புதுசு வந்ததும், இந்தத் தடவை நீங்க வைங்க சார்."