துரை தரையில் இறங்காத கதை

மூலைப்பொத்தை என்ற ஊருக்கு வழி காட்டும் போர்டு எங்கேயும் கிடையாது. போர்டு எழுத வந்த பெயிண்டரிடம், "நாங்கதான் ஊர்லயே இருக்கோமே, எங்களுக்கு எதுக்குப் போர்டு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் நான் சொல்வது நிஜமா என்று யாரும் போய்ப் பார்த்துவர முடியாது. எனக்கும் அது வசதிதான்.

அந்த ஊரில் மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் ஆவுடையப்பன் யோசிப்பார். அடுத்தவர் மாடக்கண்ணு, அண்ணன் யோசித்ததில் சந்தேகம் கேட்பார். கடைசித் தம்பி கொம்பையா, இரண்டு பேரும் பேசி முடித்ததும் எதைத் தூக்க வேண்டுமோ அதைத் தூக்குவார்.

மூவரும் செவ்வாழை போட்டிருந்தார்கள். தை மாதம் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீராக இருபத்தொரு தார் கொண்டுவருவோம் என்று தங்கச்சியின் மாமியார் முன்னால் ஆவுடையப்பன் வாக்குக் கொடுத்துவிட்டார். ஒன்று குறைந்தாலும் அந்த வீட்டில் தங்கச்சி தலைநிமிர முடியாது. தோட்டத்தில் இருபத்தாறு தார் தொங்கியது. ஆனால் பத்து நாளைக்கு ஒரு தார் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அதுவும் பட்டப்பகலில், இவர்கள் மத்தியானம் சாப்பிட்டு அசந்து தூங்கும் நேரத்தில்.

சாப்பிடுவதால்தானே தூக்கம் வருகிறது என்று முதலில் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பசி மயக்கத்தில் இன்னும் நன்றாகத் தூங்கினார்கள். அதன்பிறகுதான் நாய் வாங்கலாம் என்று முடிவானது.

டவுனுக்கு அந்தப் பக்கம் எஸ்தர் டீச்சர் வீடு. ரிட்டயர் ஆனவர். வீட்டோடு ஒரு சிப்பிப்பாறை நாயை வைத்திருந்தார். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஈற்றுதான் எடுப்பார். நாலு கேள்வி கேட்காமல் யாருக்கும் குட்டி தரமாட்டார்.

குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் தாயைப் பார்க்க வேண்டும் என்றார் டீச்சர். தாய் வேப்பமர நிழலில் படுத்திருந்தது. மூவரும் அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மத்தியானம் வரைக்கும் பார்த்தார்கள். தாயும் இவர்களைப் பார்த்தது. பிறகு மூவரும் எழுந்து டீச்சரிடம் சொல்லிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். குட்டியையும் பார்க்கலாம் என்று மறுநாள் டீச்சரே போன் பண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் முறை போனபோது, இதற்கு முன்னால் நாய் வளர்த்த பழக்கம் உண்டா என்று கேட்டார் டீச்சர். வளர்த்ததில்லை, வளர்ந்த பழக்கம்தான் உண்டு என்றார் ஆவுடையப்பன். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்புறம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"ரெண்டே விஷயம். இங்க எப்படிச் சாப்பிட்டுதோ, பத்து நாளைக்கு அங்கயும் அப்படியே சாப்பிடட்டும். எதையும் மாத்தாதீங்க. ஊசி எல்லாம் போட்டு முடிக்கிற வரைக்கும் தரையில விடாதீங்க. கிருமி தரையிலதான் இருக்கு."

குட்டிக்குத் துரை என்று பெயர் வைத்தார்கள்.

டீச்சர் வீட்டில் துரை எப்படிச் சாப்பிட்டது என்பதை மூவரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஒரு தட்டு நிறையக் கேப்பைக்கூழ், மசித்த முட்டை. ஐந்து குட்டிகளும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு தலையை உள்ளே விட்டு நக்கின. ஆகவே மூலைப்பொத்தையிலும் கட்டில்மேல் தட்டை வைத்து, நடுவில் துரையை நிறுத்தினார்கள். சுற்றி முட்டிபோட்டு மூவரும் தலையை விட்டார்கள். ஒரு தலை குறைந்தது.

பக்கத்துத் தோட்டத்துத் தளவாய் அண்ணாச்சியைக் கேட்டார்கள். காரணம்கூடக் கேட்காமல் வந்துவிட்டார். நல்ல மனுஷர், நல்ல பசிக்காரர். பத்து நாளும் நேரம் தவறாமல் வந்து, சண்டை போட்டுச் சாப்பிட்டார். பத்தாம் நாள் துரை அவர் மீசையில் ஒட்டியிருந்த முட்டையை நக்கிக்கொடுத்தது. குட்டி எப்படி இருக்கிறது என்று டீச்சர் போனில் விசாரித்தபோது, "நாங்க அஞ்சு பேரும் நல்லாச் சாப்பிடுதோம் டீச்சர்" என்றார் ஆவுடையப்பன்.

தரை விஷயம்தான் கஷ்டமாக இருந்தது. துரையைக் கொம்பையா தோளில் சுமந்தார். தூங்கும்போது கட்டிலில் போட்டார். ஆனால் ஒன்றுக்கு, இரண்டுக்கு என்று ஒரு இடம் வேண்டுமே. கொம்பையாவிடம் மாற்றுச் சட்டை தீர்ந்த அன்று பேச்சுவார்த்தை நடந்தது.

"மொட்டைமாடியில விட்டா என்னண்ணே?" என்றார் கொம்பையா.

"மாடியும் தரைதானல?" என்றார் மாடக்கண்ணு.

ஆவுடையப்பன் ஒரு வெற்றிலை முழுவதையும் மென்று முடித்தார். "மேல நிக்கவனுக்குத்தான் அது தரை. கீழ நிக்கவனுக்குக் கூரை. கூரையில விடக்கூடாதுன்னு டீச்சர் சொல்லல."

"கீழ யாருமே இல்லன்னா?"

"அப்பத் தரையாயிரும்."

அதன்பிறகு துரை மாடியில் உலாவும்போதெல்லாம் மாடக்கண்ணு கீழறையில் அண்ணாந்தபடி நின்றார். ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்க வெளியே போன அரை நிமிஷத்தில் கூரை தரையாகிவிட்டது. ஆவுடையப்பன் வேட்டி அவிழ ஓடிப்போய்த் துரையை வாரித் தூக்கினார். மாடக்கண்ணுவிடம் இரண்டு நாள் யாரும் பேசவில்லை.

சிப்பிப்பாறைக் குட்டிக்கு உடம்பைவிடக் கால்தான் முதலில் வளரும். வந்த அன்று கொம்பையாவின் தோளில் பூனை மாதிரி உட்கார்ந்திருந்த துரைக்கு, ஐம்பது நாளில் நாலு காலும் அவர் இடுப்புக்குக் கீழே தொங்கின. தூரத்திலிருந்து பார்த்தால் கொம்பையாவுக்கு ஆறு கால். இரண்டு ஊசி ஆகியிருந்தது. இன்னும் ஒன்று பாக்கி.

அந்த ஐம்பது நாளில் துரை ஒருமுறைகூடக் குரைக்கவில்லை. அடக்கமான குட்டி என்று மூவருக்கும் பெருமை. அந்த ஐம்பது நாளில் ஐந்து தாரும் போயிருந்தது. சரியாக இருபத்தொன்று நின்றது. கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள். ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கச்சியிடமிருந்து போன் வந்தால் மாடக்கண்ணுவை எடுக்கச் சொன்னார். மாடக்கண்ணு எடுத்து, அண்ணன் வீட்டில் இல்லை என்று அண்ணன் சொல்லச் சொன்னதாகச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் கொம்பையா துரையைச் சுமந்துகொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்தார். கிழக்கு வரிசையில் தளவாய் அண்ணாச்சி நின்றார். ஒரு கையில் அரிவாள். தோளில் இருபத்தொன்றாவது தார்.

துரை வாலை ஆட்டியது. ஒரே தட்டில் சாப்பிட்ட உடன்பிறப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் பாசம் பொங்காது.

கொம்பையாவுக்கு நிலைமை புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தர்மசங்கடமாகிவிட்டது. "அண்ணாச்சி, இப்ப ஒங்களப் பிடிக்கணும்லா. எனக்குக் கை ஒழியல. துரையைக் கொஞ்சம் வாங்கிக்கிடுங்க."

தளவாயும் மூலைப்பொத்தைக்காரர்தான் என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நியாயமான பேச்சாகத்தான் அவருக்குப் பட்டது. அரிவாளைப் போட்டார், தாரை இறக்கி வைத்தார், இரண்டு கையையும் நீட்டித் துரையை வாங்கிக்கொண்டார். துரை அவர் மீசையை நக்கியது.

"தரையில மட்டும் விட்டுராதீங்க. இன்னும் ஒரு ஊசி பாக்கி" என்று சொல்லிவிட்டு, கொம்பையா தாரைத் தூக்கிக்கொண்டு அண்ணன்மாரைக் கூப்பிடப் போனார். அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்ப மனசில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார்.

வெயில் தாழ்ந்து மூவரும் போய்ப் பார்த்தபோது, தளவாய் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. துரை நல்ல உறக்கத்தில் இருந்தது.

"ஓடிப்போயிருக்கலாமே அண்ணாச்சி?" என்று கேட்டார் மாடக்கண்ணு.

"ஓடியிருப்பேன் தம்பி. நாயை எங்க வைக்க?"

போலீஸில் சொல்லலாமா என்ற யோசனை வந்தது. சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களே, துரையை யார் வாங்குவது, கொம்பையாவுக்கும் தோள் விட்டுப்போயிருக்கிறதே என்று அது கைவிடப்பட்டது. ஊசி எல்லாம் முடியும்வரை தளவாயே துரையைச் சுமக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அன்றோடு தோட்டத்தில் திருட்டு நின்றது. இரண்டு கையாலும் நாயைப் பிடித்துக்கொண்டிருப்பவர் தாரை எப்படி வெட்டுவார்? நாய் வாங்கினால் திருட்டு நிற்கும் என்று ஊரில் சொன்னது உண்மைதான் என்று ஆவுடையப்பன் எல்லோரிடமும் சொன்னார்.

இருபத்தொரு தாரும் மேளதாளத்தோடு கல்யாண வீட்டுக்குப் போயின. வரிசையின் கடைசியில் தளவாய், தோளில் துரை. தங்கச்சி வாசலில் தலைநிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டாள். கூட வந்த நாய் எந்தச் சீரில் சேரும் என்று மாமியார் மட்டும் கேட்டார்.

மறுவாரம் மாட்டாஸ்பத்திரியில் மூன்றாவது ஊசி. எல்லாம் முடிந்ததா, இனித் தரையில் விடலாமா என்று கேட்க ஆவுடையப்பன் வாயெடுத்தார். பாதியைத்தான் கேட்டார்.

"எல்லா ஊசியும் முடிஞ்சுதா டாக்டர்?"

"இந்த வருஷத்துக்கு முடிஞ்சுது. இனி வருஷா வருஷம் ஒண்ணு போடணும்."

"எத்தன வருஷத்துக்கு?"

"அது இருக்கிற வரைக்கும்."

நாலு பேரும் வெளியே வந்தார்கள். தளவாய் துரையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

ஆவுடையப்பன் மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் தம்பிகளை உட்காரவைத்துக் கேட்டார்.

"கிருமி எங்கல இருக்கு?"

"தரையிலண்ணே."

"ஊசி யாருக்குப் போடுதாங்க?"

"துரைக்கு."

"நல்லா இருக்கவனுக்கு ஊசியக் குத்திக்கிட்டே இருந்தா, சீக்கு உள்ள தரை எப்பம்ல குணமாகும்?"

மாடக்கண்ணுவுக்கு முதல்முறையாக ஒரு சந்தேகமும் வரவில்லை.

மறுநாள் காலையில் வீட்டு முற்றத்துத் தரையை வெட்டி ஒரு பெரிய கூடையில் அள்ளிக்கொண்டு மாட்டாஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள். முன்னால் ஒரு எருமை, பின்னால் துரையைச் சுமந்தபடி தளவாய், அவருக்குப் பின்னால் இரண்டு ஆடு. கம்பவுண்டருக்கு மூலைப்பொத்தையில்தான் பெண் எடுத்திருந்தது. சீட்டுப் போட உட்கார்ந்திருந்த அவர் கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்னது?"

"தரை."

"வயசு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரியாத் தெரியல. நாங்க பொறக்கும்போதே இருந்துச்சு" என்றார் மாடக்கண்ணு.

கம்பவுண்டர் எழுதிக்கொண்டார். பிறகு தலைநிமிராமல் அடுத்ததைக் கேட்டார்.

"கடிக்குமா?"

அது அதுவரைக்கும் யாருக்கும் தோன்றவே இல்லை. மூவரும் கூடையை விட்டு ஓரடி பின்வாங்கித் தரையில் நின்றார்கள். தளவாய் துரையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.