மணல் வாங்கிக்கொண்ட சுருக்கம்

மழை மலையிலிருந்து நடந்து வந்த அந்தக் காலத்தில், பறவையும் மீனும் மட்டுமல்ல, மணலும் பேசும். ஆண்டுக்கு ஒருமுறை மழைத்தாய் இறங்கி வருவாள். ஊர் எல்லையான ஆற்றில் வெளுத்த பருத்தித் துணி விரித்திருந்தால்தான் உள்ளே காலெடுத்து வைப்பாள். அதை வெளுப்பவள் சடைச்சி.

ஓர் ஆண்டு வெயில் முந்திக்கொண்டது. ஆறு காய்ந்துவிட்டது. மழைத்தாய் வரும் நாள் காலையில், சடைச்சி அவசர அவசரமாகத் துணியை அழுக்கெடுக்கும் உவர்மண் கரைசலில் நனைத்து, பானையில் திணித்து வெள்ளாவி வைத்தாள். ஆவியில் வெந்த துணி பாலாக வெளுத்திருந்தது. ஆனால் முழுக்கச் சுருக்கம். முறுக்கிப் பிழிந்தாள், சுருக்கம் இன்னும் இறுகியது.

"அவ கால் இதுல தடுக்குச்சுன்னா திரும்பிப் போயிருவா," என்றான் அவள் கணவன் உடையாண்டி.

சடைச்சி காய்ந்த ஆற்றில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கீழிருந்து மணல் பேசியது.

"துணியை இப்படியா திணிப்ப? அது அசைய இடம் வேண்டாமா? வெந்நீர்ல தளர்வாப் போடு. மெல்ல ஆற விடு. பிழியாம, சொட்டச் சொட்ட என் மேல விரி. மிச்சத்தை நான் வாங்கிக்கிறேன்."

வீட்டில் மிச்சம் இருந்தது இரண்டு குடம் தண்ணீர்தான். சடைச்சி அதைத் தூக்கியதும் உடையாண்டி மறித்தான்.

"பிள்ளைக்குக் குடிக்க என்ன குடுப்ப?"

"அவ வரலைன்னா நாளைக்கு என்ன குடுக்கப்போறோம்?"

அவன் விலகி நின்றான். இரண்டு குடத்தையும் அவள் அண்டாவில் ஊற்றிச் சூடாக்கி, துணியைத் தளர்வாகப் போட்டாள்.

வெந்நீரில் துணி மெதுவாகப் பிரிந்தது. ஆறியதும் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஈரம் சொட்ட மணலில் விரித்தார்கள். சடைச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு சுருக்கமாகத் துணியை விட்டுக் கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் துணி அசையாத குளம்போலக் கிடந்தது.

மலைப்பக்கம் இருண்டது. சடைச்சி தலை கவிழ்ந்து நின்றாள். நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. குளிர்ந்த பாதமொன்று துணியில் பதிந்தது. பிறகு இன்னொன்று. எதுவும் தடுக்கவில்லை. மழைத்தாய் தாண்டிப் போகையில், சடைச்சிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வீட்டுக் கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டது. உடையாண்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் வாயைத் துளிகளுக்குக் காட்டினான்.

மழைத்தாய் கடந்தபின் சடைச்சி துணியை எடுத்தாள். அடியில் இருந்த மணல் வரி வரியாகச் சுருங்கிக் கிடந்தது. குனிந்து தொட்டுக் கும்பிட்டாள்.

ஆற்று மணலில் அலையலையாய் வரி விழுந்ததும், வெளுத்த துணியைப் பிழியாமல் ஈரத்தோடு விரிக்கும் வழக்கம் வந்ததும் அன்று முதல்தான்.