செல்லியம்மனுக்கும் ஒரு குடம்

“ஏரிக்கரையில் முழங்கை ஆழத்துக்கு வெடிப்பு. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசும் ஐயா” என்று சபை நடுவே கத்தினான் அரண்மனை விகடகவி நல்லக்கூத்தன்.

“செல்லியம்மனையா எதிர்த்துப் பேசுகிறாய்?” என்று அதற்கு மேல் கத்தினார் அமைச்சர் சிவக்கொழுந்தார்.

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார் என்று நிதானமாகத்தான் ஆரம்பித்திருப்பேன். அதற்குள் சண்டை முற்றிவிட்டது. சங்கதி இதுதான். அந்த ஊரில் ஏரியைக் கவனிக்க ஒருவரை ஊராரே தேர்ந்தெடுப்பார்கள். நிற்கிறவருக்கு ஆளுக்கொரு குடம், வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. அந்த வருஷம் நின்றவர்கள், இருபது வருஷமாக மடை திறக்கும் வீரணனும் சிவக்கொழுந்தாரும்.

அமைச்சர் முதலில் மதகு, வாய்க்கால் என்றுதான் பேசிப் பார்த்தார். ஊரே கொட்டாவி விட்டது. மறுநாள், “அம்மன் கனவில் வந்து என்னை நிற்கச் சொன்னாள். எனக்குப் போடும் கொட்டை எனக்கல்ல, அவளுக்கு” என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். அன்றிலிருந்து அவர் நெற்றிக் குங்குமம் நாளுக்கு நாள் அகலமானதாகக் கேள்வி. அய்யனாரைக் கும்பிடுகிற மேலத் தெருவில் மட்டும், “எங்க சாமி அவரு கனவுக்கு வழி தெரியாம நின்னுட்டாராக்கும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என்ன பிரயோஜனம், முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் அது நாற்பதுதான்.

ராஜாவுக்கு வெயில் காலத்தில் விபரீத யோசனைகள் வரும். “நல்லக்கூத்தா, அமைச்சர் தோற்றால் நீ சொன்னது சரி. வென்றால் நீ மனைவியோடு நாட்டை விட்டுப் போக வேண்டும். அதுவரை அம்மனைப் பற்றியோ அமைச்சரைப் பற்றியோ குறைவாக ஒரு சொல் உன் வாயில் வரக் கூடாது” என்றார்.

வீட்டில் பூவாத்தாள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்னவாம்? உரலை எடுக்கவா, விட்டுட்டுப் போறதா?”

“உரல் கிடக்கட்டும். நல்ல குடமா ஒண்ணு குடு. குங்குமமும்” என்றான் அவன்.

தேர்தல் அன்று அரசமரத்தடியில் இரண்டு குடங்கள் இருந்தன. நடுவே மூன்றாவதாக ஒன்றை வைத்து, குங்குமமிட்டு, வேப்பிலை சுற்றினான் நல்லக்கூத்தன்.

“இது யாருக்கு?” என்றார் ராஜா.

“அம்மனுக்கு, மகாராஜா. தமக்கு விழும் கொட்டை அவளுக்கே உரியது என்று அமைச்சர் பெருமான் திருவாய் மலர்ந்தார். அது ஏன் அவர் குடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்? நேராகவே போகட்டும்.”

அமைச்சர் வாயைத் திறந்தார். அம்மனுக்குப் போடாதீர்கள் என்று சொல்ல முடியுமா? மூடிக்கொண்டார்.

எண்ணினார்கள். அம்மனுக்கு இருநூற்று எழுபத்திரண்டு. வீரணனுக்கு நாற்பது. அமைச்சர் குடத்தைக் கவிழ்த்தால் ஒரு சிலந்தி ஓடியது.

“நம்ம வீட்டுக் கொட்டை எங்கேடி?” என்று மனைவி கனகவல்லியிடம் சீறினார்.

“அம்மா குடம் பக்கத்துல இருக்கறப்ப உங்க குடத்துல போட எனக்குக் கை வருமா?” என்றாள் அந்த அம்மாள்.

அமைச்சர் உடனே சுதாரித்துக்கொண்டு, “வென்றது அம்மன். அவள் சார்பில் அடியேன் பதவி ஏற்கிறேன்” என்று முன்னே வந்தார்.

ராஜா தடுத்தார். வென்றவர் பொழுது சாய்வதற்குள் நேரில் வந்து ராஜா கையால் மண்வெட்டி வாங்க வேண்டும், வராவிட்டால் பதவி அடுத்தவருக்கு என்பது அங்கே வழக்கம். ஆறு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் படுத்திருந்த ஒருவனுக்காக அவன் தம்பி வந்தபோது, சார்பெல்லாம் செல்லாது என்று விரட்டியவர் இதே சிவக்கொழுந்தார்தான்.

எல்லாரும் கோயில் பக்கம் பார்த்தபடி நின்றார்கள். அம்மன் வரவில்லை. பொழுது சாய்ந்தது. வீரணன் மண்வெட்டியை வாங்கி நேரே வெடிப்புக்குப் போய்விட்டான்.

“இவன் அம்மனையும் குறை சொல்லவில்லை, உம்மையும் குறை சொல்லவில்லை ஐயா” என்று அமைச்சரைப் பார்த்துச் சொல்லி, வயிறு குலுங்கச் சிரித்தார் ராஜா. கழுத்து முத்துமாலையைக் கழற்றி நல்லக்கூத்தனுக்குப் போட்டார். பூவாத்தாள் அதைக் கடித்துப் பார்த்த பிறகுதான் மூட்டையைப் பிரித்தாள் என்கிறார்கள்.

சிவக்கொழுந்தார் மாமனார் ஊருக்குக் குடிபோனார். அங்கே முருகன் கோயில்தான் பெரிது. போன வாரமே கனவில் மயில் வந்துவிட்டதாம். மகன் பொன்னரசன் மட்டும் கூடப் போகவில்லை. வீரணன் மகள் சடைச்சியைக் கட்டிக்கொண்டு கரையில் மண் சுமக்கிறான். அம்மன் உத்தரவில்லாமல் கல்யாணமா என்று அப்பன் ஓலை அனுப்பினாராம். “அம்மன் இங்கேதான இருக்கா. மாமாவையே நேர்ல வந்து கேட்டுட்டுப் போகச் சொல்லுங்க” என்று பதில் எழுதச் சொன்னாளாம் சடைச்சி. அவர் இன்னும் வரவில்லை.