இன்னொரு காது

ஒரு காது குத்தி முடிச்சாச்சு. அப்பதான் தெரிஞ்சுது, மடியில இருக்குறது நம்ம வீட்டுக் குழந்தை இல்லன்னு.

குலசாமி கோயில்ல அன்னைக்கு மட்டும் ஒன்பது காதுகுத்து. வரிசையா ஒன்பது ஜமுக்காளம். ஒன்பது குழந்தைக்கும் மொட்டை, மொட்டைத் தலை பூரா சந்தனம். பெத்தவங்களுக்கே ரெண்டு தடவ பாத்தாத்தான் அடையாளம் தெரியும். வீரபாகு காலையிலயே ஊத்திக்கிட்டு வந்திருந்தாரு. அவருக்கு ஜமுக்காளமே பதினெட்டாத் தெரிஞ்சுது.

ரிட்டயர்டு லைன்மேன். வயசு அறுபத்தி நாலு. மக கோமதிக்குக் கூடப் பொறந்த ஆம்பளைங்க கிடையாது. அதனால பேத்தி ஆதிரைக்கு மாமன் மடிக்குப் பதிலா தாத்தா மடின்னு பேசி வச்சிருந்தாங்க. புது வேட்டி, தோள்ல பட்டுத் துண்டு. பாக்க அசல் மாமன் மாதிரியே இருந்தாரு. போய் உக்காந்தது மட்டும் பக்கத்துல வேற வீட்டு ஜமுக்காளம்.

அந்த வீட்டு மாமன் சுடலை, மாலை வாங்கப் போயிருந்தான். அவுக அத்தை ஒருத்தி, இவரு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரு போலன்னு நினைச்சு குழந்தையத் தூக்கி இவரு மடியில வச்சுட்டா.

ஆசாரி கேட்டாரு. "மாமனா?"

"மாமன்தான்." நெஞ்ச நிமித்திச் சொன்னாரு வீரபாகு.

குத்திட்டாரு.

பையன் வீல்னு அலறுனான். மாலையோட வந்த சுடலை அப்படியே நின்னான். "யாருல இந்தாளு?"

நாலு பேரு சேந்து தூக்கி நிறுத்துனாங்க. நின்னவரு நேரா சீர்த்தட்டு மேல விழுந்தாரு. வாழைப்பழம் ஒன்பது ஜமுக்காளத்துக்கும் உருண்டுச்சு. ஆசாரி ஊசியத் துடைச்சு டப்பாவுக்குள்ள போட்டு மூடுனாரு. "குடிச்ச மடியில மறு காது குத்த மாட்டேன். பாதியில மடி மாத்தவும் கூடாது. வேற நாள் பாருங்க."

கோமதி ஆதிரைய இடுப்புல வச்சுக்கிட்டு எல்லாத்தையும் பாத்துக்கிட்டு நின்னா. அழல, திட்டல. கிட்ட வந்து மெதுவாச் சொன்னா. "இனிமே ஆதிரைய நீங்க தொட வேண்டாம்ப்பா."

சொல்லிட்டு நடந்தா. பின்னாடியே வீரபாகு சம்சாரம் வேலம்மாளும் நடந்தா. மக வீட்டுக்குப் போனவ திரும்பி வரவே இல்ல.

பத்து நாள் கழிச்சு வீரபாகு பாறையடி மடத்துக்கு வந்தாரு.

அங்க ஆவுடை சாமி பூசணிக்கா அரிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பொம்பளைச் சாமியாரு, நாப்பத்தி ரெண்டு வயசு. பதினஞ்சு வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்துட்டு, வேலைய விட்டுட்டு மடத்துக்கு வந்தவங்க. மத்தியானம் வாரவுகளுக்கெல்லாம் கூழ் ஊத்துவாங்க. ஏதாவது கேட்டா பதில் சொல்வாங்க. கேக்கலன்னா பூசணிக்காதான்.

வீரபாகு நடந்ததெல்லாம் சொல்லிட்டு கால்ல விழப் போனாரு.

"விழாதீங்க அண்ணாச்சி. அப்புறம் நாந்தான் தூக்கணும்."

"என்னையச் சிஷ்யனாச் சேத்துக்கிடுங்க சாமி."

"உங்களுக்கு என்னைய விட இருபத்திரெண்டு வயசு கூட."

"புத்தியில நாந்தான் சாமி சின்னவன்."

சரின்னு கத்திய நீட்டுனாங்க. வீரபாகு வாங்கி பூசணிக்கா மேல வச்சாரு. கத்தி தோலுல தாளம் போட்டுச்சு.

"கை எப்பவும் இப்படியா?"

"காலையில இப்படித்தான் சாமி. ரெண்டு மடக்கு உள்ள போனா நின்னுரும். அன்னைக்கும் அதுக்குத்தான் குடிச்சேன். பச்சப் பிள்ளைய வாங்கும்போது கை நடுங்கக் கூடாதுல்லா?"

"நல்ல தாத்தா" ன்னாங்க ஆவுடை. மூஞ்சியில சிரிப்பே இல்ல.

"சாமி, என் மக மனசு மாற நான் என்ன செய்யணும்?"

"மொதல்ல டாக்டரப் பாக்கணும். இத்தன வருஷம் குடிச்ச ஒடம்பு. இந்த வயசுல நீங்களா ஒரே நாள்ல நிறுத்துனா வலிப்பு கூட வரும். வாங்க, நானும் வாறேன்."

"ஏதாவது ஞானம் சொல்வீங்கன்னுல்லா வந்தேன்."

"இதான் ஞானம். செருப்பப் போடுங்க."

டாக்டர் பிரஷர் பாத்தாரு. நெத்தியில இருந்த தழும்பப் பாத்து, எப்படி வந்துச்சுன்னு கேட்டாரு.

"பாத்ரூம்ல வழுக்கிருச்சு சார்." போன தீபாவளிக்கு இந்தக் காயம் பட்டப்ப வேலம்மா ஆஸ்பத்திரியில சொன்ன அதே பதில்.

ஆவுடை திரும்பி வீரபாகுவப் பாத்தாங்க, அவ்வளவுதான்.

"குடிச்சிருந்தேன் சார். அதான் வழுக்கிருச்சு."

டாக்டர் எழுதிக்கிட்டாரு. எட்டு நாள் வார்டுல படுக்க வச்சாங்க. வீரபாகு வெளிய வரும்போது கன்னம் ஒட்டிப் போயிருந்துச்சு. ஆனா கை அவரு சொன்ன பேச்சக் கேட்டுச்சு.

நேரா மடத்துக்கு வந்தாரு. "இப்ப என்ன செய்யட்டும் சாமி?"

"அந்தப் பையனோட இன்னொரு காது என்ன ஆச்சு?"

"எந்தப் பையன்?"

ஆவுடை கையில கத்தி நின்னுருச்சு. "போய்ப் பாத்துட்டு வாங்க."

சுடலைக்கு பஸ் ஸ்டாண்டுல டீக்கடை. வீரபாகு போனப்ப அந்தப் பையன் பெஞ்சப் பிடிச்சு நடை பழகிக்கிட்டு இருந்தான். ஒரு காதுல கடுக்கன். மறு காது மொட்டையா இருந்துச்சு. டீ குடிக்க வந்தவங்க எல்லாம் "ஏல, ஒத்தக் கடுக்கா" ன்னு கூப்பிட்டாங்க. அவனும் தன் பேரே அதுதான் போலன்னு திரும்பித் திரும்பிச் சிரிச்சான்.

வீரபாகுவுக்குத் தலை குனிஞ்சு போச்சு.

"வாரும் பெருசு" ன்னான் சுடலை. "உம்மளத்தான் தேடுறோம். எங்க வீட்டுக் கிழவரு தீர்ப்பு சொல்லிட்டாரு. ரெண்டு காதும் ஒரே மடியிலதான் குத்தணுமாம். இல்லன்னா பய ஒரு காதுல ஒரு மாமன் பேச்சும் மறு காதுல இன்னொரு மாமன் பேச்சும் கேப்பானாம்."

"எப்ப வரட்டும் தம்பி?"

"அவசரமா ஓய்? என் உரிமையப் பிடுங்குனவரு நீரு. அதனால நான் சொல்றபடி கேக்கணும். வரிசையா அஞ்சு வெள்ளிக்கிழமை இங்க வாரும். நான் ஊதும்பேன், நீரு ஊதணும். ஒரு வெள்ளி நாறுனாலும் மொதல்ல இருந்து."

மொத வெள்ளி, கடை வாசல்ல எல்லாரு முன்னாடியும் ஊதுனாரு. சுடலை மோந்து பாத்தான். "இட்லி. சாம்பார் ஊசிப் போச்சு போல. பாஸ்." கடையே சிரிச்சுச்சு. வீரபாகுவும் சிரிச்சுட்டாரு.

ரெண்டாவது வெள்ளியும் பாஸ்.

மூணாவது வெள்ளிக்கு முன்னாடி நாளு, வீட்டுல தனியா உக்காந்து வேலம்மாளோட கண்ணாடிக் கூட்டப் பாத்துக்கிட்டு இருந்தவரு, எந்திரிச்சு பிராந்திக் கடைக்குப் போயிட்டாரு. வெள்ளி காலையிலயும் கொஞ்சம். அப்புறம் ஏலக்கா, கிராம்பு, கொய்யா இலை எல்லாத்தையும் மென்னுட்டு வந்து ஊதுனாரு.

சுடலை ரெண்டு தடவ மோந்தான். "பிரியாணிக் கடையில இருந்தா வாறீரு?"

"இல்ல தம்பி."

"மேல ஏலக்கா. அதுக்குக் கீழ கிராம்பு. அடியில பிராந்தி. மொதல்ல இருந்து வாரும்."

பையன் இவரப் பாத்துக் கைய நீட்டுனான். சுடலை அவனத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டான்.

வீரபாகு மடத்துக்கு வந்து சுவத்துல சாஞ்சாரு. "தோத்துட்டேன் சாமி."

"எத்தனாவது வெள்ளி?"

"மூணாவது."

"அப்ப அடுத்த வெள்ளி ஒண்ணாவது." கூழ் ஊத்தி முன்னாடி வச்சாங்க. "டாக்டர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல சாமி."

"குடிச்சுட்டு செருப்பப் போடுங்க. கூழச் சொன்னேன்."

அதுக்கப்புறம் அஞ்சு வெள்ளியும் ஊதுனாரு. அஞ்சும் பாஸ். அஞ்சாவது வெள்ளி, டீக்கடைக்குப் பின்னாடி வேப்ப மரத்தடியில ஆசாரி டப்பாவத் திறந்தாரு. வீரபாகு சம்மணம் போட்டு உக்காந்தாரு. பையன மடியில வச்சாங்க. கை அசையல, கால் அசையல. ஊசி போயிட்டு வந்துச்சு. அலறுன அலறல்ல பையன் புது வேட்டிய முழுசா நனைச்சுட்டான்.

சுடலை அவரு கழுத்துல மாலையப் போட்டான். "மாமன் மாலை, எடுத்துக்கிடும் அண்ணாச்சி. நம்ம வீட்டுக்கு ரெண்டு மாமன் ஆயாச்சு."

வேட்டி காயுறதுக்கு முன்னாடியே வீரபாகு கோமதி வீட்டுக்கு ஓடுனாரு. வாசல்ல நின்னு எல்லாத்தையும் மூச்சு விடாமச் சொன்னாரு. கோமதி கேட்டா. காப்பி கொண்டாந்து குடுத்தா. ஆதிரை அவ இடுப்புல இருந்தா. வீரபாகு ரெண்டு கையையும் நீட்டுனாரு.

கோமதி பிள்ளைய மறு இடுப்புக்கு மாத்திக்கிட்டா.

அன்னைக்கு மடத்துக்கு வந்தவருக்கு மூக்கு விடைச்சிருந்துச்சு. "எங்கயோ இருக்குறவன் நம்பி மடியில பிள்ளைய வைக்கான். பெத்த மக தர மாட்டேங்கா. இது நியாயமா சாமி?"

"சுடலை ஊரு முன்னாடி ஊதச் சொன்னானே, கோவம் வரலையா?"

"எப்படி சாமி வரும்? அவன் வீட்டுப் பிள்ளை காதுல நான் வினை வச்சுருக்கேன். கேக்க அவனுக்கு உரிமை இருக்குல்லா."

"கோமதி எப்பவாவது கேட்டுருக்காளா?"

வீரபாகு விரல விட்டு எண்ணப் பாத்தாரு.

"ஒரே ஒரு தடவ. எட்டாங்கிளாஸ் படிக்கையில. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். 'அப்பா, இன்னைக்கும் குடிச்சிருக்கீங்களா?'ன்னு கேட்டா."

"நீங்க?"

"சோத்துத் தட்டத் தூக்கி வீசுனேன் சாமி. அவ மேல படல. சுவத்துலதான் பட்டுச்சு. அதுக்கப்புறம் அவளும் கேக்கல. அவ அம்மாவும் கேக்கல."

"அந்தத் தட்டு உங்களுக்குத்தான் அன்னைக்கே கீழ விழுந்துருச்சு அண்ணாச்சி. அவளுக்கு இன்னும் விழல."

வீரபாகு மாலையக் கழட்டிப் பக்கத்துல வச்சாரு.

"நான் என்ன செய்யட்டும்?"

"சுடலை கடையில என்ன செஞ்சீங்க?"

"வெள்ளிக்கிழமை போவேன். அவன் கேக்கட்டும்னு நிப்பேன்."

ஆவுடை பூசணிக்கா பக்கம் திரும்பிட்டாங்க.

வெள்ளிக்கிழமை வீரபாகு மக வீட்டு கேட்டுல போயி நின்னாரு.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. உனக்கு ஏதாவது கேக்கணும்னா கேளு."

"ஒண்ணுமில்ல."

கிளம்பிட்டாரு. அடுத்த வெள்ளியும் அதே கேட்டு, அதே பேச்சு. ஜன்னல் வழியா வேலம்மா மட்டும் எட்டிப் பாத்தா. மூணாவது வெள்ளி நல்ல மழை. குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

கோமதி தலையில துண்டப் போட்டுக்கிட்டு கேட்டு வரைக்கும் வந்தா. மொதல்ல அவரு கையப் பாத்தா. ரெண்டு கையும் குடைக் கம்பியிலதான் இருக்குதான்னு பாத்தா. அப்புறம் கேட்டா. குரல் முப்பது வயசு மாதிரி இல்ல, எட்டாங்கிளாஸ் பிள்ளை மாதிரி இருந்துச்சு.

"அப்பா. குடிச்சிருக்கீங்களா?"

வீரபாகுவுக்கு அந்தப் பழைய கோவம் ஏறுச்சு. குடைக் கம்பிய இறுக்கிப் பிடிச்சாரு.

"இல்லம்மா. நீயே பாத்துக்கோ."

கேட்டு மேல மூஞ்ச நீட்டி ஊதுனாரு.

கோமதி ஒரு எட்டு பின்னாடி போனா. அப்புறம் ரெண்டு எட்டு முன்னாடி வந்து மோந்தா.

"பூண்டு வாடை."

"ரசம் வச்சேன்."

"நீங்களா?"

"வேற யாரு இருக்கா?"

ஜன்னல்ல இருந்து வேலம்மா குரல் வந்துச்சு. "உப்புப் போட்டாரான்னு கேளுட்டி."

கோமதி சிரிச்சுட்டா. சிரிச்சுக்கிட்டே துண்டால மூஞ்சியத் துடைச்சா. மழைதான்னு வச்சுக்கிடுவோம்.

வீரபாகு அந்த மழையிலயே மடத்துக்கு வந்தாரு. குடை கையில இருந்துச்சு, விரிக்கல.

"சாமி, கேட்டுட்டா."

"என்ன சொன்னீங்க?"

"ஊதுனேன்."

"ஆதிரையத் தந்தாளா?"

"இல்ல சாமி." வாயெல்லாம் பல்லாத்தான் சொன்னாரு. "மாப்பிள்ளை வீட்டுல காதுகுத்துக்கு வேற மடி பாத்தாகளாம். இப்ப வேண்டாம், இருக்கட்டும்னு சொல்லிட்டாளாம். என்னைய அடுத்த வெள்ளியும் வரச் சொன்னா."

"எத்தன வெள்ளி வரணும்னு சொன்னாளா?"

"சொல்லல சாமி." அப்பதான் அவருக்கே உறைச்சுது. "சுடலையாவது அஞ்சுன்னு சொன்னான். போயி அவகிட்டக் கேட்டுட்டு வரட்டுமா?"

"வேண்டாம். சுடலை வெளியாளு அண்ணாச்சி. அதான் எண்ணிச் சொன்னான்."

வீரபாகு குடையச் சுவத்துல சாத்திட்டு உக்காந்துட்டாரு. தலையில இருந்து தண்ணி சொட்டுனதக் கூடத் துடைக்கல.

உங்களையும் யாராவது, எத்தன தடவன்னு சொல்லாம, அடுத்த வாரமும் வாங்கன்னு சொல்லியிருக்காங்களா?